அக்காவிடம் கேளுங்கள்: மேற்கே ஒரு கோடைப் பயணம்

கோடை விடுமுறையில் நண்பர்களோடு அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களைக் காரில் சுற்றப் போகிறவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. நான் இருப்பது சான் ஹோசேயில். கோடை வந்தால் எங்கள் கூட்டம் வண்டியைக் கிளப்பிவிடும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர், ஜூலையில் பத்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறோம். லாஸ் ஏஞ்சலஸ், லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ், ஆர்ச்சஸ், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, சான் ஃபிரான்சிஸ்கோ எல்லாம் பார்க்க ஆசை. எந்த வரிசையில் போனால் நேரம் மிச்சமாகும் அக்கா? (டாலஸ் வாசகர்)

பதில்: எந்த வரிசையில் போனாலும் ஆகாது தம்பி. வேகாஸிலிருந்து யெல்லோஸ்டோன் 700 மைலுக்கு மேல். அங்கிருந்து யோசெமிட்டி இன்னொரு 700 மைலுக்கு மேல். இந்த இரண்டு தாவலுக்கே நான்கு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி போய்விடும். ஊருக்கு வந்த பிறகு பெட்ரோல் பங்க்குகள்தான் நினைவில் இருக்கும். யெல்லோஸ்டோன் 1872-லிருந்து தேசியப் பூங்காவாக இருக்கிறது, அடுத்த வருடமும் இருக்கும். அதற்கென்று தனியாக ஒரு பயணம் வையுங்கள். யோசெமிட்டியையும் சான் ஃபிரான்சிஸ்கோவையும் சேர்த்து இன்னொரு பயணம்.

இந்தப் பத்து நாளுக்கு நான் சொல்வது வேகாஸில் இறங்கி வேகாஸிலேயே ஏறுகிற வட்டம். முதல் இரவு வேகாஸ். அடுத்து யூட்டாவில் சயான் தேசியப் பூங்காவின் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரில் இரண்டு இரவு, அதே மாநிலத்தில் இன்னொரு பூங்காவான பிரைஸில் ஒன்று, அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யனுக்குப் பக்கத்தில் இருக்கும் பேஜ் ஊரில் இரண்டு, கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் இரண்டு, கடைசி இரவு மறுபடி வேகாஸ். வேகாஸிலிருந்து ஸ்பிரிங்டேல் மூன்று மணி நேரத்துக்குள். சயானிலிருந்து பிரைஸ் இரண்டு மணி நேரம். பிரைஸிலிருந்து பேஜும், பேஜிலிருந்து தெற்கு விளிம்பும் ஏறக்குறைய மூன்று மூன்று மணி நேரம். கடைசி நாள்தான் நீளம், நாலரை மணி நேரம் ஆகும். ஒரே வண்டியை ஒரே ஊரில் எடுத்து ஒரே ஊரில் விடுவதால், வேறு ஊரில் விடுவதற்கென்று போடுகிற கட்டணமும் மிச்சம்.

சயானில் ஒன்று கவனியுங்கள். கோடையில் பள்ளத்தாக்கின் உள்சாலையில் சொந்தக் காரை விடமாட்டார்கள். இலவச ஷட்டில் பஸ்ஸில்தான் போக வேண்டும். பூங்கா வாசலில் இருக்கும் பார்க்கிங் காலையிலேயே நிரம்பிவிடும். ஸ்பிரிங்டேலில் தங்குகிறவர்கள் காரை விடுதியிலேயே விட்டுவிட்டு ஊர் பஸ்ஸில் வாசல்வரை வந்துவிடலாம், அதுவும் இலவசம். அங்கே ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை முகட்டில் ஏற 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கலில் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள். இருபுறமும் அதலபாதாளம், நடுவில் சங்கிலி. உயரம் பயம் உள்ளவர் ஒருவராவது எல்லாக் கூட்டத்திலும் உண்டு.

பிரைஸில் ஒரே இரவுதானா என்று கேட்பீர்கள். ஒரே இரவு போதும், ஆனால் விடியல் தப்பக்கூடாது. பிரைஸ் பாயின்ட்டுக்கு சூரியன் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே போய் நின்றுவிடுங்கள். கீழே ஆயிரக்கணக்கில் செந்நிறக் கல்தூண்கள். இரவில் விரிசலில் இறங்கிய தண்ணீர் உறைந்து, விரிந்து, பாறையைப் பிளந்து பிளந்து உண்டானவை. முதல் வெளிச்சம் தூண்களின் தலையில்தான் விழும். அதற்கப்புறம் நடப்பதைப் பாருங்கள். ஒரு சுவரில் பட்ட ஒளி எதிரே இருக்கும் தூணின் முதுகில் தெறிக்கும். அதனால் நிழலில் இருக்கிற பக்கமும் உள்ளுக்குள் விளக்கு வைத்ததுபோல ஆரஞ்சாக ஒளிரும். பத்துப் பதினைந்து நிமிடம்தான். சூரியன் மேலே வந்தால் சாதாரண வெளிச்சம். விளிம்பு 8,000 அடிக்கு மேலே இருப்பதால் ஜூலையிலும் விடியற்காலை குளிரும். முந்தின நாள் வெயிலில் வெந்தவர்கள் ஸ்வெட்டர் எதற்கு என்று பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள்.

கேள்வி: வேகாஸ் அவசியமா? (ஒரு வாசகி, ராலே)

பதில்: விமானம் இறங்க வசதியான ஊர், அவ்வளவுதான். ஒரு இரவு பெல்லாஜியோ நீரூற்றைப் பாருங்கள், காசு கேட்கமாட்டார்கள். அறை வாடகை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், கூடவே விடுதி தனியாகப் போடுகிற ரிசார்ட் ஃபீ என்ற கட்டணத்தையும் பார்க்கிங்கையும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஆன்டிலோப் கேன்யனுக்குக் காலை 10 மணிக்கு முன்பதிவு செய்திருக்கிறேன். அன்று காலைதான் யூட்டாவிலிருந்து கிளம்பிப் போகிறோம். நேரம் மாறும் என்கிறார்கள். எந்த நேரத்தை நம்புவது? (பிலடெல்ஃபியா வாசகர்)

பதில்: அரிசோனா நேரத்தை. கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கும், அரிசோனா அப்படிச் செய்வதில்லை. எனவே ஜூலையில் வேகாஸும் அரிசோனாவும் ஒரே நேரம், யூட்டா ஒரு மணி நேரம் முன்னால். நீங்கள் யூட்டாவிலிருந்து வருவதால் ஒரு மணி நேரம் லாபம். சிக்கல் என்னவென்றால், அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலப்பகுதி கடிகாரத்தை மாற்றுகிறது, அதாவது யூட்டா நேரம். அந்த நவஹோ நிலத்துக்கு நடுவே இருக்கும் ஹோப்பி என்ற இன்னொரு பூர்வகுடி மக்களோ மாற்றுவதில்லை. பேஜ் ஊர் அரிசோனா நேரம், அங்கிருந்து போகிற ஆன்டிலோப் சுற்றுலாக்களும் அப்படியே. மான்யுமென்ட் வேலி போனால் நவஹோ நேரம். பேஜ் பக்கம் உங்கள் செல்பேசி எந்த டவரைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப முன்னும் பின்னும் குதிக்கும். செல்பேசியில் தானாக நேரம் மாறுவதை நிறுத்திவிட்டு பீனிக்ஸ் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிலோப்புக்குள் நவஹோ வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. மழையென்று சுற்றுலாவை ரத்து செய்தால், வானம் நீலமாக இருக்கிறதே என்று வாக்குவாதம் செய்யாதீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று அந்தக் குறுகிய பள்ளத்தில் வெள்ளம் புகுந்து 11 பயணிகள் இறந்தார்கள். மழை பெய்தது சில மைல் தள்ளி. ஜூலை, ஆகஸ்ட் அந்தப் பக்கத்துக்கு மழைக்காலம், மதியத்துக்கு மேல் இடி மின்னல் சகஜம். சயானில் ஆற்றுக்குள்ளேயே நடக்கிற நேரோஸ் போகிறவர்களும் அன்றன்றைய வெள்ள எச்சரிக்கையைத் தகவல் மையத்தில் பார்த்துவிட்டுத்தான் காலை நனைக்க வேண்டும்.

கேள்வி: சென்னையிலிருந்து மூன்று நண்பர்கள் சுற்றுலா விசாவில் வருகிறார்கள். பூங்காக்களுக்கு 80 டாலர் பாஸ் ஒன்று வாங்கினால் எல்லோருக்கும் போதும் என்று என் அண்ணன் சொல்கிறார். சரியா? (சியாட்டில் வாசகர்)

பதில்: அண்ணன் சொல்வது பழைய கணக்கு. 2026 ஜனவரியிலிருந்து ஆண்டுப் பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 250 டாலர். ஆண்டுப் பாஸ் இல்லாமல் வருகிற வெளிநாட்டினரிடம், கூட்டம் அதிகமாக வரும் 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் வாங்குகிறார்கள். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான் அது. கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ், யோசெமிட்டி, யெல்லோஸ்டோன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மூன்று பேர், மூன்று பூங்கா என்றால் 900 டாலர். 250 எவ்வளவோ மேல். இங்கே வசிப்பவரும் விருந்தாளிகளும் ஒரே வண்டியில் வரும்போது யார் பெயரில் எந்தப் பாஸ் என்பதைத் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் பார்த்து, புறப்படுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். படத்தோடு கூடிய அடையாள அட்டையைக் கையில் வையுங்கள். பல பூங்கா வாசலில் ரொக்கம் செல்லாது, கார்டுதான்.

ஆன்டிலோப், மான்யுமென்ட் வேலி இரண்டும் நவஹோ மக்களின் பூங்காக்கள். அங்கே இந்தப் பாஸ் செல்லாது. பேஜ் பக்கத்தில் ஆறு லாடம்போல வளைகிற ஹார்ஸ்ஷூ பெண்ட்டிலும் பார்க்கிங் கட்டணத்தைப் பேஜ் நகராட்சி வாங்குகிறது.

கேள்வி: கிராண்ட் கேன்யனுக்குள் சிவன் கோவிலும் விஷ்ணு கோவிலும் இருப்பதாக வாட்ஸப்பில் வருகிறது. உண்மையா? (ஃப்ரீமான்ட் வாசகி)

பதில்: பெயர் உண்மை, கோவில் இல்லை. பள்ளத்தாக்குக்குள் தனித்தனியாக எழும்பி நிற்கும் பாறைச் சிகரங்களுக்கு 1880-களில் கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியல் ஆய்வாளர் கீழைநாட்டுப் பெயர்களை வைத்தார். கோபுரம்போல அடுக்கடுக்காக இருப்பதைப் பார்த்து அவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. சிவா டெம்பிள், விஷ்ணு டெம்பிள் என்று தொடங்கி பிரம்மா, புத்தர் என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ராமருக்கும் கிருஷ்ணருக்கும்கூட ஆளுக்கொரு சிகரம் உண்டு. அடியில் இருக்கும் கரும்பாறைக்கும் விஷ்ணு பெயர்தான், வயது ஏறக்குறைய 170 கோடி ஆண்டுகள்.

சிவா டெம்பிளுக்கு ஒரு வேடிக்கைக் கதை உண்டு. அதன் உச்சி துண்டிக்கப்பட்டு நிற்பதால் மேலே இருக்கும் அணில், எலி எல்லாம் தனி இனமாக மாறியிருக்குமோ என்று பார்க்க 1937-ல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து ஒரு குழு பெரிய விளம்பரத்தோடு ஏறியது. மனிதக் காலே படாத இடம் என்று பத்திரிகைகள் எழுதின. அணிலிலும் எலியிலும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் மேலே ஒரு காலி ஃபிலிம் பெட்டி கிடந்தது. விளிம்பில் ஸ்டூடியோ வைத்திருந்த எமரி கோல்ப் முன்பே ஏறிப் போட்டுவிட்டு வந்தது அது. தெற்கு விளிம்பில் ஹோப்பி பாயின்ட்டில் நின்றால் அந்தச் சிகரம் தெரியும். வாட்ஸப்பில் அனுப்பியவருக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: காலையில் இறங்கி, அடியில் ஆற்றைத் தொட்டுவிட்டு, மாலைக்குள் மேலே வந்துவிட முடியுமா? நாங்கள் எல்லோரும் மாரத்தான் ஓடுகிறவர்கள். (ஆஸ்டின் வாசகர்)

பதில்: கோடையில் வேண்டாம். மலை ஏறும்போது களைத்தால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே தலைகீழ், களைப்பு வரும்போது நீங்கள் அடியில் இருப்பீர்கள். ஏறுவதற்கு இறங்கிய நேரத்தைப்போல இரண்டு மடங்கு வையுங்கள். விளிம்பில் இதமாக இருக்கும்போதே ஆற்றங்கரையில் 40 டிகிரியைத் தாண்டும். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை பாதையில் இருக்காதீர்கள் என்பதுதான் ரேஞ்சர்கள் சொல்வது. பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைலில் ஒரு ஓய்வுக் கொட்டகை இருக்கிறது. விடியலில் அதுவரை இறங்கித் திரும்புங்கள், பள்ளத்தாக்குக்குள் இருப்பது என்றால் என்னவென்று அதிலேயே தெரிந்துவிடும். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு இறங்கி மயக்கம் வரும். கூடவே உப்புள்ள தீனி வேண்டும். முறுக்கு வெகு பொருத்தம், பையில் நொறுங்கினாலும் பாதகமில்லை.

கேள்வி: வேகாஸிலிருந்து திரும்புகையில் டெத் வேலி வழியாக வரலாம் என்கிறான் நண்பன். ஆகஸ்டில் போகலாமா? (இர்வைன் வாசகி)

பதில்: போகலாம், ஆனால் காரின் ஜன்னல் வழியாகப் பார்க்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகச் சாதனை. ஜூலை, ஆகஸ்டில் 45-க்கு மேலே போவது அங்கே செய்தியே இல்லை. 2024 ஜூலையில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒருவர் மெஸ்கீட் மணல்மேட்டில் நடந்தபோது செருப்பு போய்விட்டது. வெறுங்காலில் கொஞ்ச தூரம்தான், உள்ளங்காலில் மூன்றாம் நிலைத் தீக்காயம். அந்தச் சூட்டில் ஹெலிகாப்டர் இறங்க முடியாமல், ஆம்புலன்சில் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய் அப்புறம்தான் வேகாஸ் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

விடியலில் ஸப்ரிஸ்கி பாயின்ட், அப்படியே பேட்வாட்டர். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உப்புத் தரையில் நின்று ஒரு படம். 9 மணிக்குள் டான்டேஸ் வியூ ஏறிவிடுங்கள். அது 5,400 அடிக்கு மேல், கீழே இருக்கும் சூடு இருக்காது. டேங்க்கை முன்கூட்டியே நிரப்புங்கள், ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். பெரும்பாலான இடத்தில் செல்பேசி சிக்னல் கிடையாது. வண்டி நின்றுவிட்டால் உதவி தேடி நடக்காதீர்கள், வண்டியோடேயே இருங்கள். நீண்ட ஏற்றத்தில் சூட்டுமானி மேலே போனால் ஏசியை அணைத்துவிடுங்கள். வியர்க்கும், பரவாயில்லை.

கேள்வி: நாங்கள் ஆறு பேர். ஒருவன் ஓட்டமாட்டான், ஒருவன் காலையில் எழமாட்டான், ஒருத்தி கணக்கில் கறார். போன பயணத்தில் திரும்பி வரும்போது யாரும் யாரோடும் பேசவில்லை. இந்த முறையாவது நல்லபடியாகப் போக என்ன வழி? (சிகாகோ வாசகி)

பதில்: வழித்தடத்தைவிட இதுதான் முக்கியமான கேள்வி. எங்கள் கூட்டத்தில் செய்வதைச் சொல்கிறேன்.

முதல் நாளே எல்லோரும் சமமாக ஒரு தொகையைப் பொதுப்பணமாகப் போட்டுவிடுவோம். பெட்ரோல், அறை, பார்க்கிங், ஐஸ் எல்லாம் அதிலிருந்து. கறாரானவரையே கணக்குப்பிள்ளை ஆக்கிவிடுங்கள், அவருக்கும் திருப்தி. வேகாஸில் சீட்டாடுவதும் ஷாப்பிங்கும் அவரவர் பை. ஒவ்வொரு காபிக்கும் செயலியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் முகம் கோணும்.

ஓட்டாதவருக்கு முன்சீட்டு வேலை. வழி பார்ப்பது, ஐஸ் பெட்டியில் தண்ணீர் வடிப்பது, ஓட்டுகிறவருக்குத் தீனி எடுத்துக் கொடுப்பது. முன்சீட்டில் தூங்கக் கூடாது என்பது எங்களிடம் சட்டம். ஓட்டப் போகிறவர்கள் அத்தனை பேரின் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், கூடுதல் பணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். ஆறு பேருக்கு மூன்று வரிசை எஸ்யூவி என்று எடுக்காதீர்கள், கடைசி வரிசையை விரித்தால் பெட்டி வைக்க இடம் இருக்காது. மினிவேன் எடுங்கள். பார்க்க அழகில்லை என்று முணுமுணுப்பார்கள், இரண்டாம் நாள் வாயை மூடிக்கொள்வார்கள்.

எழாதவரை எழுப்பாதீர்கள். விடியலுக்கு வருகிறவர்கள் போய்விட்டு வரட்டும். அப்புறம், பயணத்தின் நடுவில் அரை நாள் எல்லோரும் தனித்தனியாகப் பிரிந்துவிடுங்கள். ஒருவர் நடக்கட்டும், ஒருவர் துணி துவைக்கட்டும், ஒருவர் அம்மாவிடம் போனில் பேசட்டும். ராத்திரி சாப்பாட்டுக்குச் சேரும்போது பேச விஷயம் இருக்கும். என்னைக் கேட்டால் இந்த அரை நாள் இல்லாத திட்டம் திட்டமே இல்லை.

கேள்வி: சைவம் நாங்கள். வழியில் என்ன சாப்பிடுவது? (ஒரு வாசகி, எடிசன்)

பதில்: பெரிய ஊரைத் தாண்டினால் மெக்சிகன் கடைதான் துணை. சோறும் பீன்ஸும் கிடைக்கும். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். கருப்பு பீன்ஸ் முழுதாகக் கேட்பது பாதுகாப்பு. லாரிக்காரர்கள் நிறுத்துகிற இடங்களில் பஞ்சாபி தாபா கண்ணில் பட்டால் விடாதீர்கள். சின்ன ரைஸ் குக்கர் ஒன்று எடுத்துக்கொண்டால் விடுதி அறையில் சோறு வடிக்காமலே ஆகிவிடும். தயிரும் உப்பும் எந்தக் கடையிலும் உண்டு. தாளிப்பு மட்டும் வேண்டாம், புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும்.

கேள்வி: சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு நாள், அப்புறம் யோசெமிட்டியில் கூடாரத்தில் இரண்டு இரவு. வேறு என்ன கவனிக்க வேண்டும்? (அட்லான்டா வாசகர்)

பதில்: சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஜூலையிலும் ஜாக்கெட். பனிமூட்டம் கடலிலிருந்து உள்ளே வந்தால் கோல்டன் கேட் பாலத்தின் தலைகூடத் தெரியாது. காரை நிறுத்திவிட்டுப் போகும்போது உள்ளே ஒரு பையும் தெரியக் கூடாது, கண்ணாடியை உடைப்பது அங்கே நிமிட வேலை. பாலத்தில் சுங்கம் ரொக்கமாக வாங்குவதில்லை, வண்டி எண்ணைக் கொடுத்து இணையத்தில் கட்டிவிடுங்கள்.

யோசெமிட்டியில் கரடி. இருட்டிய பிறகு காரில் உணவு இருக்கக் கூடாது என்பது சட்டம், மீறினால் 5,000 டாலர்வரை அபராதம் போடலாம். கரடி கார்க் கதவை மடக்கி உரித்துவிடும், மோப்பம் அப்படி. முகாமில் இரும்புப் பெட்டி கொடுத்திருப்பார்கள். சாப்பாடு மட்டும் அல்ல, வாசனை உள்ள எதுவும் அதற்குள் போக வேண்டும். பற்பசை, சோப்பு, தேங்காய் எண்ணெய், குழந்தையின் பவுடர், நீங்கள் மூடி இறுக்கிவிட்டதாக நம்புகிற ஆவக்காய் ஊறுகாய் பாட்டில் உட்பட. பெட்டியின் கொக்கி சரியாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.